கொலைகாரனிடம் பேசப் போகும் பிள்ளைகள்: நாவல் நாட்குறிப்பு

ஜூன் 4

நாவல் பாதியில் நிற்கிறது. 1982, அமெரிக்கா. பதினேழு வயதில் ஒரு பெண், ஒரு பையன். சிறையில் இருக்கும் இளம் தொடர் கொலைகாரர்களிடம் பேச எப்.பி.ஐ. இவர்களை அனுப்புகிறது. வரைவைப் படித்த தோழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தனை அதிகாரிகள் இருக்கும்போது இந்தப் பசங்களை எதுக்கு அனுப்பணும்?"

அந்தப் பெண் மகா கெட்டிக்காரி என்றால் போதாது. இந்த வகைக் கதைகள் பலவும் சறுக்குவது இங்கேதான்.

ஜூன் 7

வர்ஜீனியா மாநிலத்தில் எப்.பி.ஐ. பயிற்சிக் கழகம் இருக்கும் குவாண்டிகோவில், அதன் நடத்தை அறிவியல் பிரிவு 1972இல் தொடங்கியது. எழுபதுகளின் கடைசியில் அந்தப் பிரிவின் அதிகாரிகள் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் ஊர் ஊராகப் போலீசாருக்கு வகுப்பெடுக்கப் போனார்கள். போகிற இடத்தில் பக்கத்துச் சிறைக்கும் ஒரு நடை போய், கொலையாளிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சை முறையான ஆய்வாக மாற்றியதில் மனநலச் செவிலியரும் பேராசிரியருமான ஆன் பர்கஸுக்குப் பெரிய பங்கு உண்டு. மொத்தம் 36 கொலையாளிகள். பேசச் சம்மதித்தவர்களை வைத்துத்தான் ஆய்வு. வாயைத் திறக்காதவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

தோழிக்குப் பதில் இங்கே இருக்கிறது. கோட்டும் டையும் போட்டவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையன்கள். அவர்களைப் பேச வைக்க அதே வயதில் ஆள் வேண்டும். தூண்டிலுக்குப் புழு. இதைப் பெரியவர்கள் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். அந்தப் பெண் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் 12

எட்மண்ட் கெம்ப்பர். 1964இல், பதினைந்து வயதில், தாத்தா பாட்டியைச் சுட்டுக் கொன்றவன். அடைத்து வைத்த மனநல மருத்துவமனையில் மற்றவர்களுக்கு உளவியல் சோதனை நடத்த உதவும் அளவுக்கு "நல்ல பிள்ளை". 1969இல் வெளியே வந்தான். 1972-73இல் பெற்ற தாய் உட்பட எட்டுப் பேரைக் கொன்றான்.

ரெஸ்லர் அவனைத் தனியாகச் சந்தித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். பேச்சு முடிந்து, காவலரை அழைக்கும் பொத்தானை அழுத்துகிறார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்துகிறார். ஆறடி ஒன்பது அங்குல ஆள் சாவகாசமாகச் சொல்கிறான்: உன் தலையைத் திருகி எடுத்து மேசையில் வைத்தால், வருகிற காவலர் பார்ப்பார். ரெஸ்லர் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்துகிறார். காவலர் வந்ததும், விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான் கெம்ப்பர். இனிமேல் யாரும் தனியாகப் போகக் கூடாது என்று எப்.பி.ஐ. முடிவெடுத்தது அதற்கு அப்புறம்தான்.

பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இந்தக் கதி. என் வரைவில் அந்தப் பெண் முதல் நாளே மேசையைத் தட்டி வசனம் பேசுகிறாள். அந்தப் பக்கங்கள் போயே போய்விட்டன.

ஜூன் 14

1982 வசதியான வருடம். மரபணுச் சோதனை கிடையாது. மாநிலங்களுக்கு இடையே கொலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் எப்.பி.ஐ.யின் வைகேப் திட்டம் 1985இல்தான் வருகிறது. கோப்பு, தொலைபேசி, ஞாபகசக்தி இவைதான் துணை.

ஜூன் 19

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் வழக்கு. 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைச் செய்தது நான்தான் என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் விசாரணையில் ஒப்புக்கொண்டான். மரபியல் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸின் மரபணுச் சோதனை வேறு கதை சொன்னது: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் இந்தப் பையன் இல்லை. அப்புறம் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். உண்மைக் கொலையாளி காலின் பிட்ச்ஃபோர்க் தன் பெயரில் வேறொருவரைக் கொடுக்க வைத்துத் தப்பப் பார்த்தான். 1988இல் ஆயுள் தண்டனை.

செய்யாத கொலையைப் பதினேழு வயதில் ஒருவன் ஏற்றுக்கொண்டான் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்த வயதில் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லத்தான் வாய் வரும். என் பையன் பாத்திரத்துக்கு இதுதான் ஆபத்து. கொலைகாரன் சொன்னதைவிட, அதிகாரி எதிர்பார்த்ததை அறிக்கையில் எழுதிவிடுவான்.

ஜூன் 23

நான்காம் அத்தியாயம் புதிதாக எழுதியாயிற்று. அந்தப் பெண் மூன்று நிபந்தனை வைக்கிறாள்: அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், நினைத்தபோது எழுந்து வர உரிமை வேண்டும், எதையும் மறைக்காமல் கோப்பை முழுசாகக் காட்ட வேண்டும். அதிகாரி முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டுகிறார். மூன்றாவதற்கு, "பார்க்கலாம்மா" என்கிறார். அவர் மறைக்கிற பக்கத்தில் அவளுடைய பெயரே இருக்கிறது. அது எப்போது அவள் கைக்குக் கிடைக்கும் என்பது முடிவாகவில்லை. பதினொன்றாம் அத்தியாயமாக இருக்கலாம்.