காதுவலியும் குளியல் தண்ணீரும்

பேரனுக்குக் காதுவலி என்றதும், சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்கும் என்றார் ஒருவர். "பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க அக்கா" என்றார் இன்னொருவர். வலி செவிப்பறைக்குப் பின்னாலுள்ள நடுக்காதில். செவிப்பறை கிழியாதவரை தண்ணீரும் அங்கே போகாது, எண்ணெயும் போகாது. நடுக்காதுக்கு வழி மூக்கின் பின்புறத்திலிருந்து போகிறது. யூஸ்டேக்கியன் குழாய் என்பார்கள். பிள்ளைகளுக்கு அது குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும்.

நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா ஆகிய பாக்டீரியாக்கள் பல பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்தில் வாடகை தராத குடித்தனக்காரர்களைப் போல வம்பில்லாமல் இருப்பவைதான். சளி வைரஸ் வந்தால்தான் கதை மாறுகிறது. ஆர்எஸ்வி, ரைனோ, அடினோ என்று எது வந்தாலும் குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சளியைக் கீழே தள்ளும் நுண்ரோமங்கள் செயலிழக்கின்றன. குழாய் அடைபட்டு, நடுக்காதில் காற்றழுத்தம் குறைந்து நீர் சேர்கிறது. மூக்கிலிருந்த பாக்டீரியா அங்கே போய்ப் பெருகிச் சீழாக்குகிறது.

எங்கள் வீட்டிலும் இதே வரிசைதான். பாலர் பள்ளியிலிருந்து சளியோடு வந்தான். மூக்கொழுகல் குறைந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியடைந்த ராத்திரியில் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். படுக்கவைத்தால் வீறிட்டான், தோளில் சாய்த்தால் அடங்கினான்.

மருந்தகத்தில் மாப்பிள்ளைக்கு ஒரே கேள்வி: "வைரஸா, பாக்டீரியாவா?" பெரும்பாலும் இரண்டும் கூட்டாளிகள், சில சமயம் வைரஸ் மட்டுமே. செவிப்பறையைப் பார்த்து எது என்று அடித்துச் சொல்ல முடியாது. வயது மூன்று, ஒரு காதுதான், சீழ் வடியவில்லை, காய்ச்சலும் அதிகமில்லை என்பதால் ஆன்டிபயாட்டிக் இப்போது வேண்டாம், வலிக்குப் பாரசிட்டமால் போதும், இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள் என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது. கைக்குழந்தை என்றால் கணக்கு வேறு, உடனே மருந்து தருவார்கள்.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2009 முதல் சிங்கப்பூரின் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கிருமியின் சில வகைகளைத்தான் அது தடுக்கும். ஹிப் ஊசி போட்டிருக்கிறோமே என்று மகள் கேட்டாள். அது 'பி' வகை ஹீமோஃபிலஸுக்கு. காதில் தொல்லை தருவது பெரும்பாலும் வேறு வகை.

சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) ஊசிக்குப் பேரனை அடுத்த மாதம் அழைத்துப் போகிறோம். மாப்பிள்ளையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் முதலில் தும்முகிறவர் எப்போதும் அவர்தான்.