சத்தம் ஓடுகிறது, படம் நிற்கிறது: குரூப் 4 வீடியோ வகுப்புகளும் என் பழைய லேப்டாப்பும்

உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். கோச்சிங் சேர வசதியில்லை. யூடியூப் வகுப்புகளும், தோழி பென் டிரைவில் போட்டுக் கொடுத்த கணக்கு வகுப்புகளும்தான் துணை. லேப்டாப் அத்தை மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க்.

மொத்தம் 200 கேள்விகளில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழைப் பள்ளிப் புத்தகத்தை வைத்தே படித்துவிடலாம். எனக்குக் கணக்கு அப்படி வராது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு சார் எப்படிப் போகிறார் என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். சரியாக அந்த இடத்தில்தான் படம் நின்றுவிடும். கூட்டு வட்டி வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. 10,000 ரூபாய், 10 சதவீதம், 2 வருடம். "ஆக வட்டி 2,100" என்று சார் குரல் சொல்லி முடித்துவிட்டது. போர்டிலோ 10,000 மட்டும் நிற்கிறது. அப்புறம் நாலு வரி ஒரே தாவாகத் தாவியது.

மூன்று வாரம் நெட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கூடுதல் டேட்டா போட்டேன். விடிகாலை 4 மணிக்கு எழுந்து பார்த்தேன். படிக்க வேண்டிய நேரத்தில் மூன்று வாரம் என்பது சின்ன இழப்பு இல்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, படம் நிக்கும்போது சத்தமும் நிக்குதா?"

"இல்லண்ணே, சத்தம் ஓடுது."

"அப்ப நெட்டு இல்லம்மா. மிஷினால முடியல."

நெட் மெதுவாக இருந்தால் படமும் சத்தமும் சேர்ந்தே நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். சத்தத்தை ஓட்டுவது கம்ப்யூட்டருக்கு லேசான வேலை, படம்தான் பாரம். அது தாங்காமல் போனால் குரல் ஓடிக்கொண்டிருக்கும், படம் பின்தங்கித் தாவித் தாவி வரும். உறுதி செய்துகொள்ள பென் டிரைவ் வீடியோவை நெட்டை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். அதுவும் கொஞ்ச நேரத்தில் திக்கியது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். யூடியூப் ஓடும்போது பார்த்தால் சிபியு, அதாவது பிராசசர், 100 சதவீதத்தில் நின்றது. வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தோம். வீடியோ என்பது வேகமாக மாறும் தனித்தனிப் படங்கள்தான், அவைதான் ஃபிரேம்கள். தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) என்ற வரியில் விபி9 என்று இருந்தது.

விஷயம் அங்கேதான். வீடியோ சுருக்கப்பட்டு வருகிறது. அதை விரிக்கிற வேலையை கிராஃபிக்ஸில் உள்ள தனிப் பகுதி செய்தால் சிபியு சும்மா இருக்கும். இன்டெலில் விபி9-ஐ முழுதாக விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில் வந்தது, அதைவிடப் புதிய வகையான ஏவி1-க்கு பதினொன்றாம் தலைமுறை. என்னுடையது நான்காம் தலைமுறை. ஆனால் ஹெச்.264 என்ற பழைய வகையை அதுவே தாராளமாக விரிக்கும். 'ஹெச்264இஃபை' என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைப் போட்டதும் யூடியூப் அந்த வகையிலேயே அனுப்பியது. விரிக்கிற வேலையை கிராஃபிக்ஸிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை குரோம் செட்டிங்ஸில் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள், அதையும் போட்டோம். சிபியு 40-க்கு இறங்கியது. கூட்டு வட்டி வகுப்பை முதலிலிருந்து பார்த்தேன், ஒரு வரிகூடத் தாவவில்லை.

நம்மைப் போல் படிப்பவர்கள் செய்யும் இன்னொன்று உண்டு. நேரம் மிச்சமாகட்டும் என்று 1.75 வேகத்தில் ஓட்டுவோம். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள வீடியோ அப்போது சுமார் 52 ஃபிரேம் கேட்கும். 60 ஃபிரேம் வீடியோவை 2 வேகத்தில் வைத்தால் 120. பழைய மிஷினில் வேகத்தைக் கூட்டினால் தரத்தைக் குறையுங்கள். போர்டு எழுத்துக்கு 480 போதும். பின்னத்தில் சின்ன எண்கள் வரும்போது மட்டும் 720 வைத்து, வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

இவ்வளவு செய்தும் மே மாத மதியத்தில் 25 நிமிடம் தாண்டினால் திரும்பவும் திக்கியது. மதுரையில் அண்ணா நகர் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏசி அறையில் அதே பென் டிரைவ் வகுப்பு ஒரு மணி நேரமும் தடையில்லாமல் ஓடியது. சூடுதான் காரணம். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நானோ லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே காற்று போகும் வழி முழுக்க அடைபட்டிருந்தது. அண்ணன் கழற்றியபோது ஃபேனுக்குப் பக்கத்தில் தூசி கம்பளித் துண்டு மாதிரி கையோடு வந்தது. துடைத்து, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தும் புது பேஸ்ட் தடவினார். அன்றிலிருந்து மரப்பலகை மேல்தான் லேப்டாப். கணக்கு வகுப்பைக் காலை 5 முதல் 7 வரை பார்த்துவிட்டு, மதிய வெயிலில் லேப்டாப்பை மூடி நோட்டில் கணக்குப் போட்டேன். தேர்வில் கணக்கு, திறனறிவுக்கான அந்த 25 கேள்விகளில் 21 சரியாக வந்தது.

அதற்கு முன்பே ஒரு கடையில் 500 ரூபாய் கொடுத்து ஃபார்மேட் செய்திருந்தேன், துளி பயனில்லை. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றச் சொல்வார்கள். லேப்டாப் சீக்கிரம் திறக்க அது நல்லது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 காட்டினால் கட்டாயம் மாற்றுங்கள். சிபியு 100 காட்டும்போது அதில் பணத்தைப் போட வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ளவர்கள் வகுப்பு ஓடும்போது பிடிஎஃப், டெலிகிராம் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.