களிமண்ணில் ஒரு சப்பாத்திக்கள்ளி

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய ஒப்பன்ஷியா ஹியூமிஃபியூசா என்னும் சப்பாத்திக்கள்ளி, குளிர்காலத்தில் மடல்களிலுள்ள நீரைக் குறைத்துச் சுருங்கித் தரையோடு படிந்துகொள்வதால், உறைபனியையும் தாங்கி, வெயில் வந்ததும் மீண்டும் நிமிர்ந்து மஞ்சள் நிறத்தில் பூக்கிறது. மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொல்லைக்கு உறைபனி வருவதில்லை. இங்கே கள்ளியைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை மாதத்து அடைமழையும் நீர் வடியாத களிமண்ணுமே.

வேதாரண்யம் பக்கத்து உறவினர் வீட்டு வேலியிலிருந்து நான் முதலில் கொண்டுவந்த நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளி மடலை, வெட்டுவாய் காயும் முன்பே அவசரப்பட்டு நட்டதால், அது பத்தே நாளில் அழுகிக் குழைந்துபோயிற்று. அடுத்த முறை மடலை ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் உலர்த்தி, ஆற்றுமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டி, அதில் கால்பங்கு ஆழத்துக்கு மட்டும் ஊன்றி, வேர் பிடிக்கும்வரை தண்ணீரே ஊற்றாமல் விட்டேன். (வயலுக்கு நீர் கட்டிப் பழகிய அப்பாவுக்கு இது பெரிய சோதனையாக இருந்தது.) இரண்டு மழைக்காலங்களைக் கடந்து அது இன்னும் நிற்கிறது.

நீண்ட முட்களைவிட அவற்றின் அடியில் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற நுண்முட்களே அதிகத் தொல்லை தருபவை. தோலில் ஏறியவற்றை ஒட்டுநாடாவை அழுத்தி உரித்துத்தான் எடுக்கிறேன். செடியையும் இப்போது இடுக்கியால் மட்டுமே தொடுகிறேன்.