ஒரே பெயரில் மூன்று கார்ட்: பழைய ஜிடி 730 ஐ ஒப்டிபிளெக்ஸில் போட்ட அனுபவம்

அலுவலகங்களில் இருந்து கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகள் இப்போது யாழ்ப்பாணத்தில் நிறைய வீடுகளில் இருக்கின்றன. மருமகனுக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான். ஒப்டிபிளெக்ஸ் 7010, சின்னப் பெட்டி வகை, ஐ5-3470 சிபியு, 8 ஜிபி ராம். எழுத, படிக்க, படம் பார்க்க அது தாராளமாகப் போதும். பிரச்சினை கேமில்தான் வந்தது. அந்த ஐ5க்குள் இருப்பது இன்டெல் எச்டி 2500. அந்தத் தலைமுறையிலேயே கடைசி வரிசை கிராபிக்ஸ் அது. "மாமா, ஜிடிஏ 5 ஓடுமா?" என்று கேட்டான். கேட்ட பிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பெட்டியில் நினைத்த கார்டைப் போட முடியாது. உயரம் பாதி, அதனால் லோ புரொபைல் கார்ட் மட்டும்தான் உள்ளே போகும். பவர் சப்ளை 240 வாட். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் கிடையாது, மதர்போர்டில் உள்ள ஸ்லொட் கொடுக்கும் கரண்டோடு கார்ட் வாழ வேண்டும். 2017இல் வந்த ஜிடி 1030 இதற்குத் திறமான பொருத்தம், 30 வாட் கார்ட். ஆனால் பழைய சாமானிலும் அதன் விலை இறங்கவில்லை. அப்படி இறங்கி வந்ததுதான் ஜிடி 730.

ஜிடி 730 என்று சொல்வது ஒரு கார்டை அல்ல. 2014 ஜூனில் என்விடியா இதை விட்டபோதே ஒரே பெயரில் மூன்று சாமான்கள் வந்தன. முதலாவது, பெர்மி தலைமுறை ஜிஎஃப்108 சிப்: 96 கோர், 128 பிட் டிடிஆர்3 மெமரி, 49 வாட். இரண்டாவது, கெப்ளர் தலைமுறை ஜிகே208: 384 கோர், 64 பிட் டிடிஆர்3, 23 வாட். மூன்றாவதும் அதே ஜிகே208 தான், அதே 384 கோர், அதே 902 மெகாஹேர்ட்ஸ், அதே 64 பிட். மெமரி மட்டும் ஜிடிடிஆர்5. பெட்டியில் பெரிய எழுத்தில் மூன்றுக்கும் ஜிடி 730 தான். வாங்குகிறவர் கண்ணில் படுவது 1 ஜிபி, 2 ஜிபி, 4 ஜிபி என்ற எண் மட்டும். மூன்றையும் பிரிக்க அந்த எண் உதவாது. இது வாங்குகிறவருக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் பழைய கணினிச் சாமான் விற்கும் ஒரு கடையில் இரண்டு ஜிடி 730 இருந்தன. இரண்டும் லோ புரொபைல், இரண்டும் ஒரே விலை. கடைக்காரத் தம்பி நேர்மையாகத்தான் கதைத்தார். "அண்ணை, இது நாலு ஜிபி, அது ரெண்டு ஜிபி. விலை ஒண்டுதான், நாலை எடுங்கோ." நான் இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, போன் கமராவால் மெமரி சிப்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூட்டை இழுக்கும் உலோக ஹீற்சிங்கின் ஓரத்துக்கு வெளியே சில சிப்புகள் தெரியும், சில போர்டுகளில் பின்பக்கத்திலும் இருக்கும். சாம்சங் சிப்பில் கே4டபிள்யூ என்று தொடங்கினால் டிடிஆர்3, கே4ஜி என்று தொடங்கினால் ஜிடிடிஆர்5. ஹைனிக்ஸ் என்றால் எச்5டிகியூ, எச்5டிசி எல்லாம் டிடிஆர்3. எச்5ஜிகியூ, எச்5ஜிசி ஜிடிடிஆர்5. நாலு ஜிபி கார்டில் இருந்தது கே4டபிள்யூ. ரெண்டு ஜிபி கார்டில் கே4ஜி. ரெண்டு ஜிபியைத் தாருங்கள் என்றேன். அவர் ஏனென்று கேட்க, அங்கேயே ஒரு பில் துண்டின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கணக்கு லேசு. பஸ் அகலத்தை, அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் இடையில் ஒரே நேரத்தில் போகும் பிட் எண்ணிக்கையை, எட்டால் பிரித்து, மெமரி வேகத்தால் (ஒவ்வொரு பிட் பாதையிலும் செக்கனுக்கு எத்தனை ஜிகாபிட்) பெருக்கினால் ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு ஓடும் என்று வரும். 64 பிட் என்றால் எட்டு பைட். டிடிஆர்3க்கு 1.8, ஆக 14.4 ஜிபி. ஜிடிடிஆர்5க்கு 5.0, ஆக 40 ஜிபி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பழைய பெர்மி கார்டுக்கு 128 பிட், அதாவது 16 பைட், 1.8 ஆல் பெருக்கினால் 28.8. அதனால்தான் கோர் குறைந்த அந்தக் கிழட்டு பெர்மிகூட சில கேம்களில் டிடிஆர்3 கெப்ளரோடு மல்லுக்கட்டும்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருமகனின் கணினியில் டிடிஆர்3-1600 ராம் இரண்டு குச்சி போட்டிருக்கிறது. இரண்டு சனலும் சேர்ந்தால் 25.6 ஜிபி. அதாவது 64 பிட் டிடிஆர்3 ஜிடி 730 இன் சொந்த மெமரி, அந்தக் கணினியின் சாதாரண ராமை விட மெதுவானது. எச்டி 2500 அந்த ராமை சிபியுவோடு பங்குபோட்டுத்தான் பாவிக்கிறது என்பது உண்மை. என்றாலும் காசு கொடுத்து வாங்கும் கார்ட் இப்படி இருந்தால் மனம் ஒப்புமா? நாலு ஜிபி இருந்தும் பலன் இல்லாதது இதனால்தான். அந்த நாலு ஜிபியையும் நிரப்புகிற அளவுக்குப் பெரிய டெக்ஸ்சர் (கேமில் பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) போட்டால், கார்ட் அதை வாசித்து முடிக்குமுன் பிரேம் விழுந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஹீற்சிங்கைக் கழற்றினேன். இது காற்றாடி இல்லாத கார்ட். பின்பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் முளைகள். முளையின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், அதைச் சாமணத்தால் மெல்ல நெருக்கி உள்ளே தள்ள வேண்டும். இழுத்தால் உடையும், உடைந்தால் அதே அளவில் வேறு முளை தேடி அலைய வேண்டும். உள்ளே சூடு கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்த விபூதி போல உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் பஞ்சும் வைத்து, சிப்பின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும் வரை துடைத்தேன். சின்ன சிப் என்பதால் புது பேஸ்ட் பயறளவு போதும். ஸ்லொட்டுக்குள் போகும் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்திருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இது புதிதல்ல. நல்ல வெள்ளை அழிறப்பரால் ஒரே பக்கமாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, அல்ககோலால் ஒருமுறை துடைத்தால் சரி.

அப்புறம் பிறாக்கெற். கார்டோடு பொருத்தி இருந்தது முழு உயரத் தகடு. பாதி உயரத்துக்கு மாற்றும்போது விஜிஏ துளைக்கு இடம் போதாது. அந்த விஜிஏ ஒரு ரிப்பன் வயரால்தான் போர்டில் இணைந்திருக்கிறது, இழுத்தால் கழன்றுவிடும். அதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்தேன். எச்டிஎம்ஐயும் டிவிஐயும் மிச்சம், இரண்டு திரைக்கு அவை போதும். பாதி உயரத் தகடு கையில் இல்லாமல் இந்த வகைக் கார்டை வாங்காதீர்கள், தனியாக அது கிடைப்பது குதிரைக்கொம்பு.

கணினியில் போட்டதும் ஜிபியு-இசட் திறந்தேன். இந்தச் சின்ன மென்பொருள் இல்லாமல் பழைய கார்ட் வாங்கவே கூடாது. சிப்பின் உண்மைப் பெயரைச் சொல்லும், கார்டுக்குள் இருக்கும் பயோஸ் மென்பொருளை மாற்றி வேறு பெயரில் விற்கும் போலிக் கார்டுகள் பலவற்றையும் பிடித்துக் காட்டும். எங்களுடையதில் ஜிகே208, 384 ஷேடர் (கோர்தான்), 8 ஆர்ஓபி (பிக்சலை எழுதும் பகுதி), ஜிடிடிஆர்5, 64 பிட் என்று எல்லாம் சரியாக வந்தது. மெமரி கடிகாரம் 1250 அளவில் காட்டும். அதை நான்கால் பெருக்கித்தான் 5.0 எடுக்க வேண்டும். டிடிஆர்3 கார்டில் 900 காட்டும், அதை இரண்டால் பெருக்க வேண்டும். இது தெரியாமல் 900க்கும் 1250க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்லொட் இணைப்பைச் சொல்லும் பஸ் வரியில் எட்டு லேன் (தரவுப் பாதை), 2.0 என்று காட்டுவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஜிகே208 உள்ளே எட்டு லேனோடுதான் வேலை செய்கிறது, ஸ்லொட்டில் பிழை இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. கோண்டாவிலில் இருக்கும் ஒரு நண்பனிடம் அதே ஜிடி 730 இன் டிடிஆர்3 வகை இருந்தது. "கொண்டுபோய்ப் பார் மச்சான், எனக்கும் சொல்லு" என்று கழற்றித் தந்தான். அவனுடையதில் மெமரி 800 தான். தயாரித்த நிறுவனம் 900இல் இருந்தும் குறைத்துவிட்டது. கணக்குப் போட்டால் 12.8 ஜிபி, எங்கள் ராமின் சரி பாதி. ஒரே கணினி, ஒரே டிரைவர், ஒரே அமைப்பு. ஜிடிஏ 5ஐ 1280க்கு 720இல், எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஓட்டினோம். டிடிஆர்3 கார்ட் செக்கனுக்கு இருபத்தைந்து பிரேமைச் சுற்றி இழுபட்டது, நகரத்துக்குள் வண்டி வேகம் எடுத்தால் இன்னும் கீழே போனது. ஜிடிடிஆர்5 நாற்பதுக்கு மேலே நின்றது. கோர் எண்ணிக்கை ஒன்று, கடிகாரம் ஒன்று, வித்தியாசம் முழுக்க மெமரியில்தான். 1080க்கு ஏற்றினால் ஜிடிடிஆர்5கூட முப்பதுக்குக் கீழே வருகிறது. இந்தக் கார்டின் இடம் 720தான், அதை ஏற்றுக்கொண்டு விளையாடினால் சுகம். சான் அன்ட்ரியஸ் போன்ற பழைய கேம்களுக்கு இரண்டு கார்டுமே தாராளம்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் கவலை இருந்தது. மத்தியான நேரத்தில் அறை வெக்கையே ஒரு பக்கம், சின்னப் பெட்டிக்குள் காற்றாடி இல்லாத கார்ட் இன்னொரு பக்கம். மூடியைப் போட்டு நெடுநேரம் ஓட்டியபோது எழுபதுகளின் கடைசியில் போய் நின்றது. என்விடியா கொடுத்த எல்லை 98 பாகை, ஆகவே ஆபத்தில்லை. என்றாலும் கார்டைப் பார்த்த மாதிரி ஒரு சின்னக் காற்றாடி கட்டிவிட எண்ணம், அது அடுத்த வேலை.

வீடியோ பார்ப்பதற்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஜிகே208 எச்.264 போன்ற பழைய வீடியோ வகைகளைத்தான் வன்பொருளில் பிரிக்கும். எச்இவிசி, விபி9, ஏவி1 போன்ற புதிய வகைகள் ஒன்றும் தெரியாது. யூடியூப் அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1, அந்தப் பாரம் முழுக்க சிபியு தலையில் விழும். எச்264இஃபை என்ற உலாவி நீட்சியைப் போட்டால் யூடியூப் எச்.264 தரும், 1080 வரை. அதை எச்டி 2500ம் செய்யும். அதனால் படம் பார்க்க மட்டும் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

டிரைவர் விஷயம்தான் பெர்மியையும் கெப்ளரையும் கடைசியாகப் பிரிக்கிறது. பெர்மிக்கு 2018இல் 391 வரிசையோடு கேம் டிரைவர் நின்றது, புதிய கேம்கள் சில கேட்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் அதற்கு வரவே இல்லை. கெப்ளருக்கு 2021 வரை வந்தது, 470 வரிசை கடைசி. விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் கேம்கள் சில தொடங்கும், ஆனால் இந்தக் கார்டின் வசதி மட்டம் 11_0 தான், அதற்கு மேல் கேட்பவை தொடங்காது. லினக்ஸில் கெப்ளருக்கு இன்னொரு வழியும் உண்டு. நூவோ என்ற திறந்த டிரைவரில் கார்ட் குறைந்த கடிகாரத்தில் எழும்பும். கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் பிஸ்டேட் கோப்பில் 0எஃப் என்று எழுதினால் முழு வேகத்துக்குப் போகும். பெர்மியில் இது நடக்காது. உங்கள் கையில் இருப்பது எது என்று லினக்ஸில் பார்க்க எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களோடு கொடுங்கள். என்விடியாவின் அடையாள எண்ணான 10டிஇக்குப் பிறகு 1287 வந்தால் கெப்ளர், 0எஃப்02 வந்தால் பெர்மி.

நண்பனின் கணினியைத் திறந்து பார்த்தபோது அதில் ராம் ஒரே ஒரு குச்சிதான் இருந்தது. கார்டை மாற்ற முன்னம் இரண்டாவது குச்சியைப் போடு என்று சொல்லியிருக்கிறேன். வருகிற கிழமை அதை வாங்கிப் போட்டு, அவனுடைய சிபியுவுக்குள் இருக்கும் எச்டி 4600 கிராபிக்ஸை அதே டிடிஆர்3 கார்டோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.