பிட் தயாராகும் இரவு

ஒரு பிட் பேப்பரை உற்றுப் பாருங்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதற்குள் ஒரு பாடத்தின் பதினைந்து பக்கம் அடங்கியிருக்கும். எது முக்கியம், எதை விடலாம் என்று பொறுக்கி எடுத்திருப்பார்கள். நீண்ட விளக்கம் இரண்டு சொல்லாகச் சுருங்கியிருக்கும். சூத்திரங்கள் ஒரு பக்கம், வரையறைகள் மறுபக்கம். பாடம் படிப்பதில் பாதி வேலை இதுதான். கவனமாகப் பிட் எழுதியவருக்குத் தேர்வில் அது பல நேரம் தேவைப்படாமலே போய்விடுவதும் இதனால்தான்.

ஆகவே அந்த மாணவரைச் சோம்பேறி என்று தள்ளிவிட முடியாது. ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து உழைத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது, புத்தகத்தை மூடிவைத்தும் எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை வளர நாட்கள் வேண்டும். அந்த நாட்கள் கைநழுவிப் போயிருக்கும். காப்பியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தேர்வறையையே நோக்குகிறோம். தேர்வறைக்குள் வரும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இயற்பியல் வகுப்பின் இணையவழி வீட்டுப்பாடங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. யார் எந்தக் கணக்கைத் திறந்து எவ்வளவு நேரத்தில் விடை கொடுத்தார் என்பது கணினியில் பதிவாகியிருந்தது. கேள்வியைப் படித்து முடிக்கவே நேரம் போதாத வேகத்தில் சரியான விடை வந்தால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்று கணக்கிட்டார்கள். வீட்டுப்பாடக் கணக்குகளில் 30 சதவீதத்துக்கு மேல் காப்பி அடித்தவர்கள் அந்தப் பாடத்தில் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. இவர்கள் திறமை குறைந்தவர்களும் இல்லை. வகுப்பில் சேரும்போது வைத்த தேர்வில் மற்றவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். வேறுபாடு வேலையைத் தொடங்கிய நாளில் இருந்தது. மற்றவர்கள் முன்கூட்டியே தொடங்கினார்கள், இவர்கள் கெடு நெருங்கும்வரை தொடவில்லை. அதன்பிறகு வேறு வழி இருக்கவில்லை.

இதைப் படித்தபின் "பையன் கெட்டுப்போயிட்டான்" என்ற பேச்சை ஏற்க மனம் வருவதில்லை. அந்த எண்ணம் ஆட்டம் கண்டு நூறு வருடம் ஆகப்போகிறது. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் 1928-ல் வெளியிட்ட ஆய்வில் எட்டு முதல் பதினாறு வயதுவரையான சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். வகுப்புத் தேர்வு, விளையாட்டு, வீட்டில் செய்யும் வேலை என்று பல இடங்களில் ஏமாற்றுவதற்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. நேர்மையான பிள்ளை, திருட்டுப் பிள்ளை என்று இரண்டு கட்சியாகப் பிரிக்க முடியவில்லை. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, எவ்வளவு சிரமமில்லாமல் ஏமாற்றலாம், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதையெல்லாம் பொறுத்து நடத்தை மாறியது.

பக்கத்தில் இருப்பவரின் பங்கு மிகப் பெரியது. டொனால்ட் மெக்கேப் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 1993-ல் அவரும் லிண்டா ட்ரெவினோவும் 31 கல்லூரிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், ஒருவர் ஏமாற்றுவாரா என்பதோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிந்தது தண்டனைப் பயம் இல்லை. சக மாணவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம்தான். "எல்லாரும் அடிக்கிறாங்க, நான் மட்டும் ஏன் இளிச்சவாயன் ஆகணும்?" என்ற கேள்விக்கு வகுப்பில் பதில் இல்லாதபோது, நேர்மையாக எழுதுபவருக்குத் தாம் தண்டிக்கப்படுவதாகவே தோன்றும். அந்த உணர்வில் நியாயமும் இருக்கிறது.

வீட்டில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். "நீ ரொம்ப புத்திசாலி" என்று பாராட்டுவதில் ஆபத்து இருக்கிறது. முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுலபமான புதிர்களைக் கொடுத்து, சிலரை அறிவுக்காகவும் சிலரை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள்; எல்லாரும் தடுமாறினார்கள். அதன்பின், முகம் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுதிக் கொடு என்றார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம். புத்திசாலி என்ற பட்டத்தைச் சுமக்கும் பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் என்பது பட்டம் பறிபோவது. அதைக் காப்பாற்றப் பொய் சொல்கிறது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் குற்றம் மறைந்துவிடுமா? மறையாது. ஆனால் எதனால் தவறு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். "உன்னை நீயே ஏமாத்திக்கிற" என்று பொதுவாகச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் அது எடுபடுவதில்லை; தனக்குத் தேவையே இல்லை என்று நினைக்கும் பாடத்தில் என்ன இழப்பு என்று அவர்கள் கேட்பார்கள். தொடங்க வேண்டிய இடம் வேறு. மதிப்பெண் ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி. நாற்பது பேர் வகுப்பில் முப்பது பேர் பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டு வந்தால், வகுப்புக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அந்த முப்பதில் இருபது ஒரே நோட்டிலிருந்து வந்தது என்றால், புரியாமல் திணறும் பத்துப் பேருக்கு மறுபடி சொல்லித்தர வேண்டிய வகுப்பு ரத்தாகிவிட்டது. அந்தப் பத்துப் பேர் யாரையும் ஏமாற்றவில்லை. விலை கொடுப்பது அவர்கள்.

விடையைக் காட்டியவருக்கும் பங்கு உண்டு. அவர் தம்மை உதவி செய்தவராகவே நினைப்பார். தவறு செய்பவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை சைக்ஸ், மாட்ஸா என்ற சமூகவியலாளர்கள் 1957-ல் வகைப்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்று, இன்னும் உயர்ந்த கடமைக்காகச் செய்தேன் என்பது. "நண்பன் கேட்டான், எப்படி மாட்டேன்னு சொல்ல?" என்பது அந்த வகை. என் பார்வையில் இவருடைய தவறு சிறியது. சேரும் இழப்பு சிறியதில்லை. இவருக்குச் சொல்லித்தர வேண்டியது அறிவுரை இல்லை, நட்பு முறியாமல் மறுக்க உதவும் ஒரு வாக்கியம்: "நோட்டு தர மாட்டேன், மூணாவது கணக்கை எப்படித் தொடங்கறதுன்னு இப்பவே சொல்லித் தர்றேன்."

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். அதற்கு 100-ல் 20 மதிப்பெண் வைத்தால் காப்பிக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று பொருள். 5 மதிப்பெண்ணாகக் குறைத்து, மீதியை வகுப்பில் நடத்தும் ஐந்து நிமிடச் சிறுதேர்வுக்கு மாற்றலாம். முந்தைய நாள் வீட்டுப்பாடத்திலிருந்து ஒரு கணக்கை எண்களை மட்டும் மாற்றி, புத்தகத்தை மூடச் சொல்லிப் போட வேண்டும். தானே செய்தவருக்கு அது மூன்று நிமிட வேலை. வாரத்துக்குப் பத்துக் கணக்கு என்றால் ஒரே கெடு வைக்காமல் மூன்று, மூன்று, நான்கு என்று மூன்று கெடுவாகப் பிரியுங்கள். கடைசி இரவு என்ற ஒன்றே இல்லாமல் போகும். கற்றலுக்கும் இதில் லாபம். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். சிறுதேர்வுகளில் பொதுவாக நடக்கும் பிழை, ஒவ்வொன்றுக்கும் பெரிய மதிப்பெண் வைப்பது. அப்படிச் செய்தால் பிட்டும் வாரம் ஒன்றாகத் தயாராகும். பத்துத் தேர்வில் குறைந்த இரண்டை விட்டுவிடுவது என்ற விதி இருந்தால் ஒரு மோசமான நாள் யாரையும் மூலைக்குத் தள்ளாது.

எவ்வளவு உதவி வாங்கலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். "சேர்ந்து பேசலாம், சேர்ந்து எழுதக்கூடாது, பேசி முடித்தபின் காகிதங்களை மூடிவைத்துவிட்டுத் தனித்தனியாக எழுத வேண்டும்" என்ற அளவுக்குத் தெளிவாக. ஒரு ஆசிரியர் அனுமதிப்பதை இன்னொருவர் குற்றம் என்பார். இடையில் மாட்டுவது பிள்ளைகள்.

பிட்டையே அனுமதித்துவிடுவதும் ஒரு வழி. ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம், கையெழுத்தில் மட்டும், மேலே பெயர், தேர்வு முடிந்ததும் விடைத்தாளோடு கொடுத்துவிட வேண்டும். கையெழுத்தில்தான் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் ஒருவர் தயாரித்ததை வகுப்பே நகலெடுக்கும். வினாக்களும் மாற வேண்டும்: வரையறையை எழுது என்று கேட்டால் தாளைப் பார்த்து எழுதுவார்கள், இந்த வரையறை எங்கே பொருந்தாது என்று கேட்டால் யோசிப்பார்கள்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளில் இரண்டு வினாத்தாள் போடுவார்கள். வரிசையை மட்டும் மாற்றினால் போதாது, கேள்வியின் எண்ணைச் சைகையில் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள். விடைகளின் வரிசையையும் கணக்குகளின் எண்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். இருக்கையை வாசலில் சீட்டுக் குலுக்கி ஒதுக்குவது எந்த எச்சரிக்கையையும்விட நன்றாக வேலை செய்கிறது.

சந்தேகம் வந்தால் சரியான விடைகள் ஒத்துப்போவதைப் பார்த்துப் பயனில்லை, படித்த இருவருக்கும் அவை ஒன்றாகத்தான் இருக்கும். தவறான விடைகளைப் பாருங்கள். நான்கு தெரிவுகள் உள்ள கேள்வியில் தவறு மூன்று. இருவரும் அதே பத்துக் கேள்விகளில் தவறு செய்து, பத்திலும் ஒரே தவறான விடையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதற்கான வாய்ப்பு 59,049-ல் ஒன்று. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பி யாரையும் தண்டிக்கக்கூடாது. எல்லாத் தவறுகளும் சமமான வசீகரம் உள்ளவை இல்லை. வகுப்பில் பாதிப் பேர் விழும் பொறியில் இருவர் சேர்ந்து விழுந்தது எதையும் காட்டாது. வேறு யாருமே தேர்ந்தெடுக்காத தவற்றை இருவர் மட்டும் பலமுறை பகிர்ந்திருந்தால், அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தால், பேசிப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

கட்டுரைகளில் இப்போது செயற்கை நுண்ணறிவு பெரிய கவலை. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருட்களை நம்பித் தண்டனை கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. இதைவிட நம்பகமான வழி, கட்டுரையை எழுதியவரோடு ஐந்து நிமிடம் பேசுவது. இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய், இந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதினாய், முதல் வரைவில் இருந்து எதை நீக்கினாய் என்று மூன்று கேள்வி. சந்தேகப்பட்டவரிடம் மட்டும் கேட்டால் அது விசாரணையாகிவிடும். எல்லாரிடமும் கேட்பதை வழக்கமாக்குங்கள்.

உறுதிமொழி வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. படிவத்தின் அடியில் இல்லாமல் மேலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்ற 2012-ஆம் ஆண்டு ஆய்வு மிகவும் பரவியது. அதன் தரவுகளில் கோளாறு தெரியவந்து 2021-ல் அது திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே அப்படி நேர்ந்தது வருத்தமான விஷயம். தாளின் உச்சியில் ஒரு வரியை எழுதி வாங்குவதால் மட்டும் எதுவும் மாறிவிடாது.

மாட்டிக்கொண்ட பிள்ளையை என்ன செய்வது? அரசுத் தேர்வு என்றால் அதற்கென்று விதிகள் இருக்கின்றன, அவற்றின்படிதான் நடக்க வேண்டும். வகுப்புத் தேர்வில், சத்தம் போடாமல் பிட்டை வாங்குங்கள். அதுவரை எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு கோடு, அதன்மேல் நேரம். பிறகு எழுத விடுங்கள். சந்தேகம் தவறாக இருந்தால் பறித்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது. அன்றே, தனியாக, கதவை மூடிப் பேசுங்கள். "காப்பி அடிச்சியா?" என்று தொடங்கினால் பொய்யைத் தவிர வேறு வாசல் இல்லை. "இந்த விடைக்கு எப்படி வந்தே, சொல்லு" என்று கேட்டால் உண்மை தானாக வரும், அல்லது நம் சந்தேகம்தான் தவறு என்று தெரியும்.

தண்டனை கடுமையாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பது முக்கியம். பள்ளியை விட்டு நீக்குவோம் என்று எழுதிவைத்த இடங்களில் ஆசிரியர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுகிறார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட யாருக்கும் மனம் வராது. முதல் முறை என்றால் அந்தத் தேர்வுக்குச் சுழியம், பெற்றோருக்குத் தகவல், வேறு வினாத்தாளில் மறுதேர்வு. மறுதேர்வு மதிப்பெண் கணக்கில் சேர வேண்டும். சேராவிட்டால் படிப்பதற்குக் காரணமே இருக்காது. பெற்றோர் முன்னால் எந்த வாரம் எந்தப் பாடத்தில் பின்தங்கியது என்று நோட்டைத் திறந்து தேடுங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பக்கம் அகப்படும், அதற்குப் பிறகு கையெழுத்தே மாறியிருக்கும். மறுதேர்வுக்கான படிப்பை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், தேதியை அப்போதே குறித்துக் கொடுங்கள்.