ஹிகின்ஸ் நிலவில் விட்டுவந்தவர்கள்

10 ஜூன் 2023, சனி

தமிழ் வகுப்பை முடித்துவிட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த் வீட்டுக்கு வந்தால், வாசலில் தம்பி மகன் நிற்கிறான். குளிர்கால விடுமுறை. பையில் ‘ஃபயர்ஃப்ளை’ தொடரின் வட்டுகள். “அத்தை, இதை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.” 2002இல் வந்த தொடர். எடுத்தது 14 பகுதிகள். 11 ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். குதிரையும் விண்கலமும் ஒரே புழுதியில் நிற்கும் உலகம். கூட்டணி அரசை எதிர்த்த சுதந்திரப் போரில் தோற்ற மால் என்பவன், தன் பழைய விண்கப்பலுக்குத் தோற்ற போர்க்களத்தின் பெயரையே வைத்திருக்கிறான்: செரினிட்டி. அந்த ஒன்றிலேயே நான் விழுந்துவிட்டேன்.

நள்ளிரவுக்குள் ஐந்து பகுதிகள். மாலின் கப்பலில் பயணிக்கும் போதகர் புக் முன்பு யார் என்று வாதம். குண்டடிபட்ட அவருக்கு உதவ மறுத்த கூட்டணிக் கப்பல், அவருடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் பணிந்துவிடுகிறது. பெரிய அதிகாரியாக இருந்தவர் என்கிறான் இவன். இருக்கலாம்.

11 ஜூன், ஞாயிறு

ஏழாவது பகுதி முடிந்த நிமிடம் மின்வெட்டு. இருட்டில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

கதை நடப்பது ஹிகின்ஸ் நிலவில். அங்கே கான்டன் என்ற ஊர். மக்கள் சேற்றில் முழங்கால் புதையக் களிமண் வெட்டுகிறார்கள். அந்த மண்ணைப் பக்குவப்படுத்தினால் எஃகைவிட வலிமையான பொருள் கிடைக்கும். வெட்டுகிறவர்களோ ஒப்பந்தக் கூலிகள். ஊர் நடுவில் ஒரு சிலை. கப்பலில் இருக்கும் கூலிப்படைக்காரன் ஜேனின் சிலை! சில ஆண்டுகளுக்கு முன் அந்த நிலவை ஆளும் மாஜிஸ்திரேட் ஹிகின்ஸின் பணத்தைத் திருடித் தப்பும்போது கப்பல் தாழ்ந்துவிட, முதலில் கூட்டாளியைத் தள்ளினான், பிறகு பணத்தைக் கொட்டினான். பணம் கூலிகளின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு அவன் வள்ளலாகிவிட்டான். கடைசியில் அவனுக்கு வந்த குண்டை ஓர் இளைஞன் ஓடிவந்து தன் மார்பில் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறான்.

மாஜிஸ்திரேட்டின் மகன் தந்தையை எதிர்த்துச் செரினிட்டியைப் பிணைத்திருந்த பூட்டைத் திறந்துவிடுகிறான். கப்பல் பறந்துவிடுகிறது. ஒரு கப்பலை விடுவித்தான், சரி. ஒப்பந்தத்திலிருந்து ஒரே ஒரு கூலியையாவது விடுவித்தானா?

12 ஜூன், திங்கள்

தூக்கம் வரவில்லை. கொள்ளுப்பாட்டி இந்தியாவிலிருந்து இங்கே ஒப்பந்தக் கூலியாக வந்த கப்பல் பதிவின் நகலைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். 1903, வட ஆற்காடு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு, இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் எண். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் ஆணுக்கே மாதம் பத்து ஷில்லிங்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இந்த நேட்டால் மாகாணத்தில் இருக்க விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு (60 ஷில்லிங்) வரி. அந்தக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். 16 வயதான பையனும் 13 வயதான பெண்ணும்கூடக் கட்ட வேண்டும். முடியாதவர்கள் ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி கைநாட்டு. அவள் மறுபடி கைநாட்டு வைத்தாள்.

கான்டன் மக்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்று தம்பி மகன் கேட்டான். இந்தத் தாளைக் காட்டினேன்.

16 ஜூன், வெள்ளி

இளைஞர் நாள் விடுமுறை. ரொட்டியும் பீன்ஸ் கறியும் சமைத்துக்கொண்டே சண்டை. தொடர் நீடித்திருந்தால் ஜேன் கான்டனுக்குத் திரும்பிவந்து, பொய்யாகக் கிடைத்த பெயருக்குத் தகுதியாகிக் கூலிகளுக்குத் தலைமை தாங்கியிருப்பானாம். எனக்கு இது பிடிக்கவில்லை. மேலிருந்து விழுந்த ஒன்றுக்காக அவர்கள் ஒருமுறை ஒரு பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது.

1913ஐப் பார். பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி, நேட்டாலின் சுரங்க ஊரான நியூகாசிலுக்கு வந்து, சுரங்கக் கூலிகளிடம் மூன்று பவுண்டு வரியைப் பற்றிப் பேசினார்கள். அக்டோபரில் சுரங்கத்தில் வேலைநிறுத்தம். நவம்பரில் அது கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டில் கூலிகள் செத்தார்கள். கொள்ளுப்பாட்டி அப்போது அங்கேதான் இருந்தாள். 1914இல் வரி ஒழிந்தது. வந்து பேசியவர்கள் சேதி சொன்னார்கள். கைவேலையைக் கீழே போட்டவர்கள் கூலிகள்.

கான்டனில் அந்தச் சேதியைச் சொல்லத் தகுந்தவள், செரினிட்டியின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் கேய்லி. அவள்தான் அந்த ஊர்ச் சாராயக்கடையில் அவர்களோடு உட்கார்ந்து சிரித்துக் குடித்தவள். எந்தக் கப்பலுக்கு எந்தப் பொருள் இல்லாவிட்டால் ஓடாது என்பதும் அவளுக்குத் தெரியும். “உங்கள் மண் நின்றால் அங்கே பட்டறை நிற்கும்” என்று அவள் சொன்னால் போதும்.

“அப்படியானால் ஜேன்?” என்றான். பொறியறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

25 ஜூன், ஞாயிறு

பதினான்கும் முடிந்தன. கான்டனுக்கு யாரும் திரும்பிப் போகவே இல்லை. கப்பலில் பயணிக்கும் இனாராவின் ஊசிமருந்து எதற்கு என்பதும் தொங்கலில். அதை யோசிக்கவும் எனக்கு மனமில்லை. மனம் முழுக்க அந்தச் சேற்றில் இருக்கிறது.

நாளைக் காலை இவனுக்கு பஸ். கிளம்பும்முன் ஒன்றைத் தீர்க்க வேண்டும் என்றான்: ஹிகின்ஸ் செத்து, மகன் மாஜிஸ்திரேட் ஆகிறான். ஒப்பந்தப் பதிவேட்டை என்ன செய்வான்? எரித்துவிடுவான், நல்லவன்தானே என்றான். நல்லவன்தான். கூலியைக் கொஞ்சம் உயர்த்துவான், ஒரு மருத்துவரை வரவழைப்பான், பதிவேட்டை அலமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டுவான். வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் இரவு அந்த அலமாரியை உடைக்கப்போகிறவள், குண்டை மார்பில் வாங்கிய இளைஞனின் தாய். தொடரில் நாம் அவளைப் பார்க்கவே இல்லை. முதலில் அவள் மகனின் எண்ணைத்தான் தேடுவாள்.