காப்பிக்கொட்டையில் ஓர் ஏழரை

சேலத்திலிருந்து குடும்பமாக ஏற்காடு கிளம்பினால், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். படகு கிடையாது. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாத மூட்டம். அப்புறமென்ன, பையிலிருந்து தட்டுவடையும் சீட்டுக்கட்டும் வெளியே வரும். "ரம்மி சலிச்சுப்போச்சு, லிமிட் போக்கர் ஆடலாம்" என்று மச்சினன் வாயைத் திறந்தான். வினை அங்கே ஆரம்பம்.

காசு இல்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் பச்சைக் காப்பிக்கொட்டை. தட்டைக்கொட்டைக்கு மதிப்பு 1, உருண்டையான பீபெரிக்கு 4. முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 2 கொட்டை, அடுத்த இரண்டு சுற்றில் 4. ஒரு சுற்றுக்கு ஒரு பந்தயம், அதை ஏற்றுகிற ரைஸ் மூன்று, அதோடு சரி. டம்ளரைக் கவிழ்த்து எதிராளியை மிரட்டுகிற வேலையெல்லாம் இங்கே நடக்காது.

ரம்மியில் ஊறியவர்களுக்கு வழுக்குவது இதில்தான். ரம்மியில் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால், அதாவது விலகினால், 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, மாட்டினால் 80. நடுவில் நழுவுவது அங்கே புத்திசாலித்தனம். கை மோசமென்றாலும் எடுத்துப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். போக்கரில் கைக்கு வந்த இரண்டு சீட்டு கடைசி வரை அதே இரண்டுதான்; மேசையில் திறக்கிற ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. கட்டாயப் பந்தயம் வைத்த இருவரைத் தவிர மற்றவர்களுக்கு முதல் சுற்றில் ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டைக் கவிழ்த்து விலக, செலவே இல்லை. கடைசிச் சுற்றில் ஃபோல்டு செய்தால் குவியல் மொத்தமும் போச்சு. ஆக, முதலில் கஞ்சனாகவும் கடைசியில் கொஞ்சம் வள்ளலாகவும் இருக்க வேண்டிய ஆட்டம். நம் வீட்டில் எல்லாம் நேரெதிர்.

சித்தப்பா ராணியும் நாலும் வேறு வேறு இனமாக வந்தால்கூட உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை ஸ்ட்ரெய்ட்டுக்கு, அதாவது வரிசையாக ஐந்து சீட்டுக்கு, நடுவில் ஒரு சீட்டு குறைந்தது. வர வேண்டியது கடைசிச் சீட்டு ஒன்றுதான். அவர் கண்ணுக்குத் தெரியாதவை 46, அதில் உதவுபவை 4, உதவாதவை 42. உதவாததும் உதவுவதும் பத்தரைக்கு ஒன்று. குவியலில் இருந்தது 20, அவர் வைக்க வேண்டியது 4. ஜெயித்தாலும் வைத்ததற்கு ஐந்து மடங்குதான், அதாவது ஐந்துக்கு ஒன்றுதான் விலை கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்டு செய்ய வேண்டிய இடம். அவர் கண்ணை மூடிக்கொண்டு 'கால்' சொல்லி அந்த 4-ஐ வைத்தார். வந்து தொலைத்தது எட்டு! குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த அந்த நிமிடத்திலிருந்து வீட்டில் ஒருவரும் முதல் சுற்றில் ஃபோல்டு செய்யவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஐந்து பேரும் உள்ளே, குவியலில் 10. மேசையில் திறந்த மூன்று சீட்டு: ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராஜா, ஆட்டின் ஏழு, கிளாவர் மூன்று. மாமனார் 2 வைத்தார். மாமியார் கால். நடுவில் இருவர் ஒதுங்கினார்கள். கடைசியில் மாப்பிள்ளை, கையில் ஆட்டின் ஏஸும் எட்டும். இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் ஃப்ளஷ், ஐந்தும் ஒரே இனம். 47-இல் 9 உதவும், 38 உதவாது, நாலேகாலுக்கு ஒன்று. குவியல் 14, வைக்க வேண்டியது 2, ஏழுக்கு ஒன்று கிடைக்கிறது. கால் தாராளமாகச் சொல்லலாம். மாப்பிள்ளை ரைஸ் செய்து 4 வைத்தார், அதுவும் சரியே. கடைசியில் பேசுபவர் இப்போது ஏற்றினால், அடுத்த சுற்றில் மற்றவர்கள் பயந்து, பந்தயம் வைக்காமல் 'செக்' என்று மேசையைத் தட்டுவார்கள். இவரும் தட்டிவிட்டுக் கடைசிச் சீட்டை ஓசியில் பார்க்கலாம். இப்போது 2, அப்புறம் 4 என்று ஆறு போகிற இடத்தில் நாலோடு முடியும். எதிராளி திருப்பி ஏற்றினால் மட்டும் இந்தத் தந்திரம் கையைக் கடிக்கும்.

மாமனார் ஏற்றவில்லை. குவியல் 22. டைமன் ஒன்பது வந்தது, மூவரும் தட்டினார்கள். கடைசியாக இஸ்பேட் இரண்டு. மாமனார் ஒரு பீபெரியை எடுத்து டங்கென்று வைத்தார். குவியல் 26.

மாமியார் கையில் ஒரு ஏழு, மேசையில் ஒரு ஏழு, ஆக ஒரு ஜோடி. 4 வைத்தால் 26 கிடைக்கலாம், மொத்தம் 30-இல் 4. கணக்கு சரியாக ஏழரையில் ஒன்று என்று வந்து நிற்கிறது. சனியன் கணக்கே ஆனாலும் நல்ல கணக்கு. ஏழு தடவையில் ஒருமுறை ஜெயித்தாலே லாபம். ராஜா ஜோடி இருந்தால் அந்த மனிதர் முன்பே திருப்பி ஏற்றியிருப்பார், ஒன்பது வந்தபோது தட்டியும் இருக்க மாட்டார். அத்தனையும் யோசித்துவிட்டு, "எதுக்குங்க வம்பு, மிடில் ஸ்கூட்" என்று கவிழ்த்தார் மாமியார். மாப்பிள்ளையும் மரியாதையாக ஒதுங்கினார்.

மாமனார் சீட்டைத் திருப்பிப் போட்டார். ஆட்டின் ஜாக், ஆட்டின் பத்து. அவரும் அதே ஃப்ளஷுக்குக் காத்திருந்தவர். ஜோடிகூட இல்லை, மாப்பிள்ளையின் வெறும் ஏஸே அதைத் தின்றிருக்கும். மாப்பிள்ளை விட்டதை மன்னிக்கலாம், ஜோடியை வைத்துக்கொண்டு விட்டதை மன்னிக்க முடியாது.

"நாப்பது வருசமா இதே மூஞ்சிதான்" என்றார் மாமியார். அதற்குப் பிறகு அவர் எதற்குமே ஃபோல்டு இல்லை. மூன்றும் எட்டும் வந்தாலும் கால், மூன்று ரைஸ் ஏறினாலும் கால். எட்டு மணிக்கு அவர் டம்ளரில் மிஞ்சியது இரண்டு பீபெரியும் ஒரு தட்டுவடைத் துண்டும்.